சென்னியம்மாள் வீழ்த்திய ஏரோப்ளேன்

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். சென்னியம்மாளின் மடியில் எந்நேரமும் முப்பது நாற்பது மண் உருண்டைகள் கனத்துக்கொண்டுதான் இருந்தன; பயம் மட்டும் அவள் இருந்த திசையில் தலைவைத்துப் படுத்ததில்லை. பல்லடத்துக்குத் தெற்கே காரக்காட்டுப்புதூர் என்கிற முப்பது வீட்டு ஊரில் அவளுக்கு நான்கு ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு, சுப்பண்ணன் என்று ஒரு கணவன். இந்த வரிசை அவளே சொல்வது. சுப்பண்ணன் அதில் குறை கண்டதில்லை. மாட்டுக்கு முன்னால் தன்னைச் சொல்லியிருந்தால்தான் அவனுக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

சோளம் பால் பிடித்துவிட்டால் விடிந்தது முதல் பொழுது சாயும்வரை அவள் பரண்மேல்தான் இருப்பாள். நான்கு கால் நட்டு, பன்னிரண்டடி உயரத்தில் மூங்கில் பரப்பி, மேலே ஓலை போட்ட பரண். கையில் கற்றாழை நாரில் அவளே பின்னிய கவண். உருண்டையும் அவள் கைவேலைதான். களிமண்ணில் சாம்பல் கலந்து பிசைந்து, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, அடுப்பில் சுட்டெடுப்பாள். விரல் பதிந்த குழி இருந்தால் உருண்டை கவணில் நன்றாக உட்காரும் என்பது அவள் கண்ட தொழில் ரகசியம். அந்தக் குழியைப் பார்த்தே அது யார் வீட்டு உருண்டை என்று ஊரில் சொல்லிவிடுவார்கள்.

அவள் கிளியை அடிக்கமாட்டாள். கிளி உட்கார்ந்திருக்கிற சோளத்தட்டையை அடிப்பாள். "கிளியை அடிச்சா ஒரு கிளி போகுமுங்க. தட்டையை அடிச்சா கூட்டமே போகுமுங்க" என்பாள். இந்தக் கொள்கை கிளிகளோடு நிற்கவில்லை. ஊர் மணியக்காரர் பாலுசாமிக் கவுண்டரின் வெள்ளாடுகள் இரண்டு தடவை சோளத்துக்குள் புகுந்தன. மூன்றாம் தடவை புகுந்தபோது அவள் ஆடுகள் பக்கம் திரும்பவே இல்லை. வேலியோரம் நின்றிருந்த மணியக்காரரின் தலைப்பாகை மட்டும் தானாகக் கழன்று கிளுவை முள்ளில் போய் விழுந்தது. தலையில் ஒரு முடி அசையவில்லை. காற்று என்றார் மணியக்காரர். "ஆமாங்க, பொல்லாத காத்துங்க" என்றாள் இவள். அதற்குப் பிறகு ஆடுகள் வரவில்லை.

இப்படிப்பட்டவளின் தலைக்கு மேல் ஏரோப்ளேன் விட்டால் என்ன ஆகும் என்று யாராவது பட்டாளத்துக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு, மாசி மாதம். பெங்களூர்ப் பக்கமிருந்து பட்டாளம் வந்து இரண்டாகப் பிரிந்து, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம் என்று பெயர் வைத்துக்கொண்டு, காடுமேடெல்லாம் ஒத்திகைச் சண்டை போட்டது. துப்பாக்கியில் சத்தம் வரும், குண்டு வராது. யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று சொல்வதற்கு வெள்ளைப்பட்டை கட்டிய நடுவர் துரை ஒருவர் குதிரையில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் செத்தாய் என்றால் செத்ததுதான்; இரண்டு நாள் ஓரமாக உட்கார்ந்திருக்கவேண்டும். சண்டை என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று சுப்பண்ணனுக்குப் பிடித்துப்போயிற்று.

சென்னியம்மாளின் தோட்டத்தை ஒட்டி மணியக்காரரின் மேய்ச்சல் காடு. நீலப் பட்டாளம் அங்கே பத்தடி உயரத்தில் இரண்டு மூங்கில் கழிகளை நட்டு, நடுவே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, கயிற்றில் சேதித்தாள் வைத்த ஒரு பையைக் கோத்தது. மறுநாள் காலை ஏரோப்ளேன் வந்தது. தென்னைமர உயரத்தில் கிணற்றைத் தாண்டி, பரண் உயரத்துக்குத் தாழ்ந்து, கழிகளுக்கு நடுவே புகுந்து, வயிற்றுக்கடியில் தொங்கிய கொக்கியால் பையைக் கவ்விக்கொண்டு, கர்ரென்று மேலே போய்விட்டது. ஊரே வாய்பிளந்து பார்த்தது. சென்னியம்மாள் மட்டும் கிணற்றைப் பார்த்தாள்.

அவர்களுடையது கவலைக் கிணறு. மாடு இரண்டும் சரிவில் இறங்கினால் எண்பதடி ஆழத்திலிருந்து சால் என்கிற பெரிய இறைவாளி தண்ணீரோடு மேலே வரும். தண்ணீர் வாய்க்காலில் கொட்டியதும் மாடுகள் அப்படியே பின்னோக்கி நடந்து கிணற்று விளிம்பு வரைக்கும் திரும்பவேண்டும். முதல் நாள் சத்தம் கேட்டபோது மயிலையும் செவலையும் இறங்கிக்கொண்டிருந்தன. மிரண்டு முன்னால் ஓடியதில் வடம் அறுந்து, சால் கிணற்றுக்குள் விழுந்ததோடு போயிற்று. பின்னால் நடக்கும் நேரத்தில் மிரண்டிருந்தால் மாடுகளே கிணற்றுக்குள் போயிருக்கும். அன்று இரவு சுப்பண்ணன் மாடுகளுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டான்.

கழிகளுக்குக் காவலாக இருந்தவர் அப்துல் மஜீத். வேலூர்ப் பக்கத்துக்காரர், நரைத்த தாடி, சிக்னல் ஹவில்தார். சென்னியம்மாள் ஒரு சொம்பு மோரோடு போய் நின்றாள்.

"ஏனுங்க பாய், இது என்ன வேலைக்குங்க வருது?"

"பாக்குறதுக்கும்மா. சண்டை போடுறது இதோட வேலை இல்ல. எதிரி எங்க ஒளிஞ்சிருக்கான், எத்தனை பேரு, எந்தப் பக்கம் போறான், அதைப் பார்த்துச் சொல்றதுதான் வேலை."

"அப்ப இதும் ஒரு பரணுங்க."

மஜீத் மோரைக் குடித்து முடித்தார். பதினைந்து நாளாக யாரும் அவரிடம் ஏதும் கேட்கவில்லை போலிருக்கிறது, உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டார். போன பெரிய சண்டையில் அவர் பஸ்ராவில் இருந்தாராம். அங்கே பெரிய பலூனில் கயிறு கட்டி, கூடையில் ஓர் ஆளை வைத்து மேலே ஏற்றுவார்களாம். அவன் பார்த்துப் பார்த்துக் கீழே சொல்லவேண்டும். காற்றடித்தால் என்று இவள் கேட்டாள். கூடையோடு ஆடுவான் என்றார். பிறகுதான் ஏரோப்ளேன் வந்தது. இப்போது வருகிறதே, இது குண்டு போடுவதற்கென்று செய்த வண்டி. அதையே கொஞ்சம் மாற்றி, பட்டாளத்துக்குக் கண்ணாக ஆக்கியிருக்கிறார்கள். ஆடாக்ஸ் என்று பெயர். புகைக்குழாயைப் பின்பக்கம் வரைக்கும் நீட்டி, அடியில் கொக்கி மாட்டியிருக்கிறார்கள். முன்சீட்டுத் துரை ஓட்டுவார், பின்சீட்டுத் துரை பார்ப்பார். பின்சீட்டுக்காரருக்கு ஒரு துப்பாக்கி, ஒரு படம் பிடிக்கிற பெட்டி, கம்பியில்லாத் தந்தி. அந்தத் தந்திக்கு ஈயக்குண்டு கட்டிய நீளக் கம்பியை ஆகாயத்திலேயே தொங்கவிடுவார்.

"ரெக்கை ரெண்டு அடுக்கா இருக்குதுங்களே, அது தகரமுங்களா?"

"உள்ள எலும்பு மட்டும்தான் இரும்பு. மேல துணி. பசை மாதிரி ஒண்ணு தடவி இறுக்கியிருப்பாங்க. தட்டினா தப்பட்டை மாதிரி சத்தம் வரும்."

"துணிங்களா" என்றாள் சென்னியம்மாள். பிறகு, "ஏனுங்க இத்தனை தாள, இத்தனை மெதுவா வருது?" என்று கேட்டாள்.

"ஒசரத்துல வேகமாப் போனா எதைப் பார்க்கறது?"

அது நியாயம் என்று அவளுக்குப் பட்டது. பரணையும் பனைமர உயரத்துக்குக் கட்டுவதில்லையே. "ஆனா தாளப் பறந்து மெதுவாப் போனா, கீள இருக்கறவன் சும்மா இருப்பானுங்களா?"

மஜீத் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "அதைத்தாம்மா நாங்களும் சொல்றோம். துரைமாருங்க காதுல ஏறணுமே."

மறுநாள் சால், வடம் எல்லாம் சரி பண்ணி மறுபடி இறைத்தார்கள். ஏரோப்ளேன் இன்ன நேரத்துக்கு வரும் என்பது கிடையாது. ஒரு நாளைக்கு நான்கு தடவை வரும், வராமலும் இருக்கும். சால் தண்ணீரைக் கொட்டிவிட்டு மாடுகள் பின்னால் நடந்து விளிம்புக்கு வந்த நேரம் பார்த்து அன்றைக்கு வந்தது. மயிலை துள்ளியது. அதன் பின்னங்கால் விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் நின்றது. இரண்டு கல் பெயர்ந்து கிணற்றுக்குள் விழும் சத்தம் பரண்வரை கேட்டது. சுப்பண்ணன் நுகத்தடியைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தான். அந்த மெலிந்த உடம்பில் அத்தனை பலம் எங்கே இருந்ததோ, மாடு முன்னால் வந்துவிட்டது. வந்ததும் அவன் தரையில் உட்கார்ந்து மாட்டின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

சென்னியம்மாள் பரணில் நின்றபடி ஏரோப்ளேனைப் பார்த்தாள். அது அவள் முகத்துக்கு நேராக, நாற்பது கெஜ தூரத்தில் போயிற்று. பின்சீட்டுத் துரையின் செம்மீசைகூடத் தெரிந்தது. கண்ணுக்குப் பெரிய கண்ணாடி. தலையைக் கிணற்றுப் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் போனான். பார்த்து என்ன பிரயோசனம், கண்ணாடிக்குள்ளே கண் இருந்தால்தானே என்று அவளுக்கு வயிறெரிந்தது. மாட்டை அவிழ்த்துக் கட்டியாயிற்று. இரவில் இறைக்கலாமே என்பீர்கள். தேய்பிறை, விளிம்பு தெரியாத இருட்டில் பின்னால் நடக்கும் மாட்டைப் புத்தியுள்ளவன் ஓட்டமாட்டான்.

மணியக்காரரிடம் போனாள். "சர்க்கார் காரியத்துல நாம தலையிடலாமுங்களா அம்மணி" என்றார், தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே. மஜீத் வழியாகப் பெரிய துரைக்குச் சொல்லி அனுப்பினாள். இன்னும் எட்டு நாள்தான், பொறுத்துக்கொள்ளவும் என்று பதில் வந்தது. எட்டு நாள். பால் பிடித்த சோளத்துக்கு இன்னும் மூன்று நாளில் தண்ணீர் காட்டாவிட்டால் கதிர் முழுக்கப் பதர். மாட்டைப் பூட்டினால் மாடு போகும், பூட்டாவிட்டால் வெள்ளாமை போகும். நான்காம் நாள் காலை இலை சுருளத் தொடங்கியது.

"என்னுங்க பண்றது?" என்றான் சுப்பண்ணன்.

"நீங்க போயி மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடுங்க. நான் கிளி முடுக்கறேன்" என்றாள் அவள்.

முற்பகலில் ஏரோப்ளேன் வந்தது. சென்னியம்மாள் மடியைத் துழாவி, எடைபார்த்து, ஓர் உருண்டையை எடுத்தாள். கழிகளுக்குச் சற்றுத் தள்ளி நடுவர் துரை குதிரைமேல் இருந்தார். மஜீத் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்பால் கிளுவை வேலிக்குப் பின்னால் சிவப்புப் பட்டாளத்து ஆட்கள் இருபது பேர் காலையிலிருந்தே குப்புறப் படுத்திருந்தார்கள். எதிரி எங்கே என்று கண்டுபிடிக்கப் பறந்த ஏரோப்ளேனுக்கு அது தெரியவில்லை. கிளியைப் பார்த்துக்கொண்டிருந்த பரணுக்குத் தெரிந்திருந்தது. யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆளுக்குப் படக்கூடாது. ஆள் உட்கார்ந்திருக்கிற தட்டைக்குத்தான் படவேண்டும். கவண் இரண்டு சுற்றுச் சுற்றியது. கொக்கி பையைக் கவ்வுவதற்கு முன்னால், கீழ் இறக்கையின் நுனிப்பக்கம் பட்டென்று ஒரு சத்தம். மஜீத் சொன்னது பொய்யில்லை, தப்பட்டைச் சத்தமேதான். சாண் அகலத்துக்குத் துணி கிழிந்து படபடவென்று அடித்துக்கொண்டது. கவண் அடுத்த நொடி மடிக்குள் போய்விட்டது. சென்னியம்மாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, ஐயோ பாவம் என்கிற முகத்தோடு நின்றாள்.

கிழிந்த இறக்கையோடு மேலே போக முன்சீட்டுத் துரைக்கு மனமில்லை. ஒரு சுற்றுச் சுற்றி மேய்ச்சல் காட்டிலேயே இறக்கிவிட்டார். இறங்கி நின்றதுதான் தாமதம், வேலிக்குப் பின்னால் படுத்திருந்த இருபது பேரும் கூவிக்கொண்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். நடுவர் துரை குதிரையைத் தட்டிக்கொண்டு வந்து கடிகாரத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். மஜீத் அதைத் தமிழில் ஊருக்குச் சொன்னார்: ஏரோப்ளேன் போய்விட்டது, துரைகள் இருவரும் செத்துவிட்டார்கள், இந்த இடம் சிவப்புப் பட்டாளத்தின் கையில், நீலப் பட்டாளம் கழிகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடைப்பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மூன்று மைல் தள்ளிப் போகவேண்டும்.

அப்புறம்தான் நடுவர் துரை கிழிசலைக் காட்டி, இது எப்படி என்று கேட்டார். ஊரோடு கூட்டத்தில் வந்து நின்றிருந்த சென்னியம்மாள் மடியிலிருந்த கவணை இன்னும் உள்ளே தள்ளினாள். பயம் என்று சொல்லமாட்டேன், அவள் கோபித்துக்கொள்வாள். ஆனால் சர்க்கார் வண்டியைக் கிழித்தவளைப் பிடித்துக்கொண்டு போனால் மாட்டுக்குத் தண்ணீர் யார் காட்டுவது என்று நினைத்தாள். பின்சீட்டுத் துரை கிழிசலுக்குள் முழங்கை வரைக்கும் கைவிட்டுத் துழாவினான். கையை வெளியே எடுத்து, கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு ஏதோ சொன்னான்.

"கழியோட நுனி தட்டிடுச்சாம். கண்ணால பார்த்தாராம்" என்றார் மஜீத்.

முன்சீட்டுத் துரைக்கு முகம் சிவந்துவிட்டது. நான் ஓட்டிய ஓட்டில் கழியாவது தட்டுவதாவது என்று அவர் சொல்ல, நான் பார்த்தேன் என்று இவன் சொல்ல, நடுவர் துரை அதையே எழுதிக்கொண்டு போய்விட்டார். சென்னியம்மாளுக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன், நாற்பது கெஜத்தில் நின்ற பொம்பளையைப் பார்க்கவில்லை. தொடாத கழியைப் பார்த்திருக்கிறான்.

பிற்பகலே கவலை பூட்டினார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. செத்துப்போன துரைகள் இருவரும் அவள் வேப்பமரத்து நிழலில் இரண்டு நாள் குடியிருந்தார்கள். முன்சீட்டுத் துரை முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். செத்த பிறகும் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. செத்தவர்களானாலும் வீட்டு எல்லைக்குள் வந்தவர்கள் ஒறம்பரைதான், விருந்தாளிகள்தான் என்று சென்னியம்மாள் கம்பங்கூழும் மோரும் அனுப்பினாள். பின்சீட்டுத் துரை இரண்டு சொம்பு குடித்தான். பிறகு கவலை ஓரத்தில் வந்து உட்கார்ந்து, மாடு இறங்குவதையும் பின்னால் நடப்பதையும் பொழுதுக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். தொடையில் ஒரு நோட்டு, கையில் பென்சில்.

"ஏனுங்க பாய், அவரு கண்ணு நல்லாத் தெரியுமான்னு சித்தெ கேளுங்க" என்றாள் சென்னியம்மாள்.

மஜீத் ஏதோ மரியாதையாகத் திருப்பிச் சொன்னார். செம்மீசைக்காரன் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான். அது ஆமாவா, இல்லையா என்று அவளுக்கு விளங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கிழிசலுக்கு ஒட்டுப்போட்டுப் பசை தடவியாயிற்று. செத்தவர்கள் பிழைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. ஏரோப்ளேன் மேய்ச்சல் காட்டின் கடைசிவரை போய், கிணற்றுக்கு எதிர்த்திசையில் ஓடி மேலே ஏறியது. சோளம் நிமிர்ந்துவிட்டது, கதிர் தப்பித்தது. தொலையட்டும் என்று சென்னியம்மாள் பரணில் உட்கார்ந்தாள்.

தொலையவில்லை. ரொம்ப உயரத்தில், சத்தம் காதில் ரீங்காரமாக மட்டும் கேட்கிற உயரத்தில், அது வட்டமடித்துக்கொண்டே இருந்தது. சுப்பண்ணன் மாடுகளைப் பின்னால் நடத்தினான், அது வட்டமடித்தது. சால் நிறைந்து மாடுகள் சரிவில் இறங்கி அடிவரைக்கும் போய் நின்றன. அப்போதுதான் ஏரோப்ளேன் கொஞ்சம் இறங்கி, தோட்டத்தின் மறுகோடியில் எதையோ போட்டுவிட்டுப் போனது. மஞ்சளும் சிவப்புமாக நீள வால் வைத்த ஒரு பை, மெதுவாக ஆடிக்கொண்டு சோளத்துக்குள் விழுந்தது.

சென்னியம்மாள் ஓடிப்போய் எடுத்தாள். பையைப் பிரித்தால் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள், அதற்குள் கனமாக ஏதோ சுற்றியிருந்தது. எழுத்துத் தெரியாதே என்று நினைத்தபடி பிரித்தாள். எழுத்து எதுவும் இல்லை. பென்சிலில் ஒரு கிணறு. கிணற்று விளிம்பில் இரண்டு மாடுகள். ஒன்றின் பின்னங்கால் வெறும் காற்றில். நுகத்தடியைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்த ஒரு மெலிந்த ஆள். மேலே மூலையில் ஒரு பரண், பரண்மேல் ஒரு பொம்பளை, அவள் தலைக்கு மேலே ஒரு கவண்.

தாளுக்குள் சுற்றியிருந்தது ஒரு சுட்ட மண் உருண்டை. அதில் கட்டைவிரல் குழி.

அவள் அங்கேயே சோளத்துக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கிவிட்டது. கண் தெரியாதவன் என்று அவனை எத்தனை தடவை நினைத்திருந்தாள். அத்தனையும் பார்த்தவன், அத்தனைக்கும் வாய் திறக்காமல், சொந்தக் கூட்டாளியின் கோபத்தையும் தலையில் வாங்கிக்கொண்டு மோர் குடித்துவிட்டுப் போயிருக்கிறான். உருண்டையின் குழியில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். சரியாக உட்கார்ந்தது.

சுப்பண்ணன் மாட்டை நிறுத்திவிட்டு வரப்புக்கு வந்து எட்டிப் பார்த்தான். "என்ன அம்மணி அது?"

"உருண்டைங்க."

"யாரோடது?"

"என்றதுதானுங்க" என்றாள் சென்னியம்மாள். "திருப்பிக் குடுத்துட்டுப் போறாங்க."